தள்ளிப்போட்ட பேச்சைப் பேசவைப்பது: மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுப்பவர்களுக்கு

டீம் லீடர், சூப்பர்வைசர், மேலாளர் என்று பொறுப்பில் இருக்கும் யாரைக் கேட்டாலும், பிரச்சினையை எப்படிப் பேசித் தீர்க்க வேண்டும் என்று அழகாகச் சொல்வார்கள். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டும், கோபப்படக் கூடாது, அவர் தரப்பையும் கேட்க வேண்டும். எல்லாம் தெரியும். அதே ஆள், தன் டீமில் ஒருவரிடம் சொல்ல வேண்டிய ஒரு விஷயத்தை மாதக்கணக்கில் சொல்லாமல் வைத்திருப்பார். கேபினுக்குக் கூப்பிடுவார், வேறு எதையோ பேசுவார், அனுப்பிவிடுவார். அந்த முதல் வாக்கியம் மட்டும் வாயில் வராது.

இந்தப் பயிற்சியை நடத்துகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: வகுப்பு நேரத்தில் பாதிக்கு மேல் அந்த முதல் வாக்கியத்தை வாய்விட்டுச் சொல்லிப் பழகக் கொடுங்கள். மீதி எல்லாவற்றையும் அதைச் சுற்றி அமையுங்கள்.

வகுப்புக்கு முன்பே

ஒரு வாரம் முன்னதாகவே பங்கேற்பவர்களுக்கு ஒரு வேலை கொடுத்துவிடுவேன். யாரிடமோ பேச வேண்டியிருந்தும் இன்னும் பேசாமல் இருக்கிற ஒரு விஷயத்தை யோசித்துக்கொண்டு வர வேண்டும். ஆள் பெயர் வேண்டாம். நடந்து முடிந்த சண்டையும் வேண்டாம். முடிந்த சண்டையைக் கொண்டுவருகிறவர்கள், யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புக் கேட்கத்தான் வருகிறார்கள். பழகிப் பார்க்க அதில் ஒன்றும் மிச்சமிருக்காது.

“எனக்கு அப்படி எதுவுமே இல்லையே” என்று ஒருவராவது சொல்வார். அவரிடம் நான் கேட்பது: “உங்க டீம்ல யாரோட வேலையை நீங்களே உட்கார்ந்து திருத்தி அனுப்பிக்கிட்டு இருக்கீங்க?” இதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் போதும், விஷயம் கிடைத்துவிடும். சொல்ல வேண்டியதைச் சொல்லாத மேலாளர், அந்த வேலையைத் தானே செய்துகொண்டிருப்பார். இரவு எட்டு மணிக்கும் சீட்டில் உட்கார்ந்திருப்பதற்கு அது ஒரு பெரிய காரணம்.

ஒரு வகுப்புக்குப் பன்னிரண்டு பேர் சரியாக இருக்கும். மூன்று மூன்று பேராகப் பிரிக்க வசதி. பதினைந்துக்கு மேல் போனால் இன்னொரு பயிற்சியாளர் வேண்டும். தனி ஆளாக எல்லா மேசையிலும் காது கொடுக்க முடியாது. ஒருவருடைய மேலதிகாரி அதே அறையில் இருக்கக் கூடாது. அறைக்குள் பேசியது வெளியே போகாது என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். யார் எப்படிப் பேசினார் என்று எச்.ஆர். பிறகு அறிக்கை கேட்டால் கொடுக்க மாட்டோம் என்று எச்.ஆரிடமும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. மதிப்பெண் போடப்போகிறார்கள் என்று தெரிந்தால் யாரும் உண்மையான விஷயத்தைக் கொண்டுவர மாட்டார்கள்.

சில விஷயங்களை வகுப்புக்குள் எடுக்கவே கூடாது. பாலியல் தொல்லை, மிரட்டல், அடிதடி, பாகுபாடு, உயிருக்கு ஆபத்தான பாதுகாப்பு மீறல் ஆகியவை “கூப்பிட்டுப் பேசித் தீர்க்கும்” வகையில் சேராது. அதற்கென்று நிறுவனத்திலும் சட்டத்திலும் நடைமுறை இருக்கிறது. பாதிக்கப்பட்டவரையும் செய்தவரையும் எதிரெதிரே உட்காரவைத்துச் சமாதானம் செய்ய ஒரு மேலாளர் முயன்றால், பாதிக்கப்பட்டவருக்கு அது இரண்டாவது அடி. இதை வகுப்பின் தொடக்கத்தில் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

தயக்கத்தைப் பற்றிச் சுருக்கமாக

சிட்னி ரோசன், ஆப்ரஹாம் டெஸ்ஸர் என்ற இரு உளவியலாளர்கள் 1970-இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். ஒருவருக்கு வந்த செய்தியை இன்னொருவர் அவரிடம் சொல்ல வேண்டும். நல்ல செய்தி என்றால் முழுதாகச் சொன்னார்கள். கெட்ட செய்தி என்றால் மழுப்பினார்கள், பாதியை விழுங்கினார்கள். அந்தச் செய்திக்கும் சொல்கிறவருக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லாதபோதே இப்படி. தன் டீமில் இருக்கிற ஒருவரிடம், அவர் வேலையில் உள்ள குறையைச் சொல்வது இன்னும் எவ்வளவு கனமாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இதை நான் சொல்லும்போது அறையில் தோள்கள் கொஞ்சம் இறங்கும். தனக்கு மட்டும்தான் தைரியம் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அந்த நிம்மதி வந்ததும் அடுத்ததற்குப் போய்விடுங்கள். தயக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருப்பதும் ஒருவகைத் தள்ளிப்போடல்தான்.

நடுவில் ஒரு கோடு போட்ட தாள்

கிறிஸ் ஆர்ஜிரிஸ் என்ற அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் உருவாக்கிய ஒரு பயிற்சியை நான் எல்லா வகுப்பிலும் செய்கிறேன். தாளின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. வலப்பக்கம் பேச்சு: நான் என்ன சொல்வேன், அவர் என்ன சொல்வார், நாடக வசனம்போல. இடப்பக்கம், அந்த நேரத்தில் மனசுக்குள் ஓடியும் வெளியே சொல்லாதது. ஆர்ஜிரிஸ் இதை நடந்து முடிந்த உரையாடலுக்குத்தான் பெரும்பாலும் வைத்தார். நான் இனி நடக்கப்போகும் பேச்சுக்கு எழுதச் சொல்கிறேன்.

இருபது நிமிடம் கொடுங்கள். பிறகு, இடப்பக்கத்தில் அந்த ஆளைப் பற்றிய தீர்ப்பாக வரும் ஒவ்வொரு சொல்லையும் வட்டம் போடச் சொல்லுங்கள். பொறுப்பில்லாதவர். திமிர். சோம்பேறி. அக்கறையே கிடையாது. வட்டம் போட்ட ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: “ஒரு கேமரா ஓடிக்கிட்டு இருந்தா, அதுல இது பதிவாகுமா?”

“பொறுப்பில்லாதவர்” பதிவாகாது. “திங்கள்கிழமையும் புதன்கிழமையும் ஷிப்ட் முடிந்து போகும்போது பதிவேட்டில் எழுதாமல் போனார்” பதிவாகும். இந்த மாற்றத்தை ஒவ்வொருவரும் தன் கையால் எழுதிப் பார்க்க வேண்டும். சிலருக்கு எழுத வராது. தீர்ப்பு மட்டும் பளிச்சென்று இருக்கும், சம்பவம் ஒன்றுகூட நினைவுக்கு வராது. அப்படியானால் அவர் இன்னும் பேசத் தயாராகவில்லை. ஒரு வாரம் கவனித்துக் குறித்துக்கொண்டு வரட்டும்.

ஒருவர் செய்த செயலுக்குக் காரணம் தேடும்போது, அவர் குணத்தைக் கூட்டியும் அவருடைய சூழ்நிலையைக் குறைத்தும் மதிப்பிடும் போக்கு நமக்கு உண்டு. 1977-இல் லீ ராஸ் என்ற உளவியலாளர் இதற்கு ஒரு பெயரும் வைத்தார். பெயர் வகுப்புக்குத் தேவையில்லை. அடுத்த ஷிப்ட் வாகனம் கிளம்பும் நேரமும் பதிவேடு எழுதும் நேரமும் ஒன்றாக இருந்திருக்குமோ என்று ஒருவர் யோசிக்கத் தொடங்கினால் போதும்.

முதல் வாக்கியம்

இங்கேதான் நிதானமாக நின்று செய்ய வேண்டும். சென்டர் ஃபார் கிரியேட்டிவ் லீடர்ஷிப் என்ற அமைப்பு பரவலாக்கிய ஒரு எளிய வரிசை இருக்கிறது: எப்போது எங்கே, என்ன செய்தீர்கள், அதனால் என்ன ஆனது. இதோடு ஒரு கேள்வியையும் கடைசியில் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன். கேள்வி இல்லாவிட்டால் அது குற்றப்பத்திரிகை வாசிப்பதாகிவிடும்.

ஒரு வகுப்பில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு இளைஞர். அண்மையில்தான் டீம் லீடர் ஆகியிருந்தார். அவரைவிட வயதிலும் அனுபவத்திலும் மூத்த ஒருவர், முன்பு பக்கத்து சீட்டில் இருந்தவர், இப்போது அவருக்குக் கீழே. புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் மீட்டிங்கில் பேச ஆரம்பித்தாலே அந்த மூத்தவர் குறுக்கே பேசி முடித்துவிடுகிறார். இதைச் சொல்ல வேண்டும். முதல் முயற்சி இப்படி வந்தது:

“சார், நீங்க இல்லாம நம்ம டீமே இல்ல. உங்க அனுபவம் யாருக்கும் வராது. ஆனா… சில பேர் என்ன ஃபீல் பண்றாங்கன்னா… எல்லாரையும் கொஞ்சம் அனுசரிச்சுப் போனா நல்லா இருக்கும்னு…”

மூத்தவராக நடித்தவர் நிமிர்ந்து உட்கார்ந்து கேட்டார்: “யாரு அப்படிச் சொன்னது?”

அவ்வளவுதான். அதற்குப் பிறகு நாலு நிமிடமும் யார் சொன்னது என்ற விசாரணையிலேயே போனது. “சில பேர்” என்ற இரண்டு சொல் எவ்வளவு சேதம் செய்கிறது என்று அறை முழுவதும் பார்த்தது. புகழ்ச்சியும் வீணானது. திட்டு வருவதற்கு முன்னால் வரும் முன்னுரை என்று கேட்கிறவருக்குத் தெரிந்துவிடுகிறது. அடுத்த முறை உண்மையாகப் பாராட்டினாலும் “ஆனா” எங்கே என்று காத்திருப்பார். குறையைப் பாராட்டுக்கு நடுவில் செருகிச் சொல்லும் முறையைப் பல பயிற்சிகளில் சொல்லிக்கொடுக்கிறார்கள். நான் சொல்லிக்கொடுப்பதில்லை. பாராட்டுக்கு வேறொரு நாள் இருக்கிறது.

இரண்டாவது முயற்சி எதிர்ப்பக்கம் சாய்ந்தது: “நீங்க ஏன் சார் எப்பவும் புதுசா வர்றவங்களை மட்டம் தட்டுறீங்க?” “எப்பவும்” என்ற சொல்லைப் பிடித்துக்கொண்டு, தான் யாருக்கெல்லாம் வேலை கற்றுக்கொடுத்தேன் என்று மூத்தவர் பட்டியல் போட்டார். அந்தப் பட்டியல் உண்மையும்கூட.

மூன்றாவது முயற்சிக்கு முன்னால், இளைஞரைத் தன் தாளில் உள்ள கேமரா வரிகளை மட்டும் பார்த்துச் சொல்லச் சொன்னேன்.

“சார், நேத்து மீட்டிங் பத்தி ஒண்ணு பேசணும். அவங்க கணக்கு சொல்லிட்டு இருந்தப்போ ரெண்டு தடவை நீங்க நடுவுல பேசினீங்க. அதுக்கப்புறம் அவங்க எதுவுமே சொல்லல. அதுல ஒரு தப்பு இருந்ததைத்தான் அவங்க சொல்ல வந்திருக்காங்க. நமக்கு அது இன்னைக்குக் காலையிலதான் தெரியுது. அப்போ உங்க மனசுல என்ன ஓடுச்சு சார்?”

நடித்தவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, “மீட்டிங் இழுத்துக்கிட்டே போகுதேன்னு பார்த்தேன்” என்றார். இப்போதுதான் பேசுவதற்கு ஏதோ ஒன்று மேசைமேல் வந்திருக்கிறது. “சார்” என்ற மரியாதை மூன்று முறையும் குறையவில்லை என்பதையும் கவனியுங்கள். மரியாதையைக் குறைத்தால்தான் கண்டிப்பு வரும் என்று நினைக்கிற புது மேலாளர்களுக்கு இதைத் தனியாக எடுத்துக் காட்டுவேன்.

ஒருவர் வாயை அடைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். 1999-இல் ஏமி எட்மண்ட்சன் என்ற நிர்வாகவியல் ஆய்வாளர் ஒரு உற்பத்தி நிறுவனத்தின் 51 குழுக்களை ஆராய்ந்து எழுதினார். தவறையும் சந்தேகத்தையும் பயமில்லாமல் சொல்லலாம் என்ற நம்பிக்கை இருந்த குழுக்களில்தான் தவறிலிருந்து கற்றுக்கொள்வதும் அதிகமாக இருந்தது. அந்த இளைஞரின் வாக்கியத்தில் வந்த “இன்னைக்குக் காலையிலதான் தெரியுது” என்பது அந்த இழப்பைத்தான் சொல்கிறது. விளைவு என்ற பகுதியை எழுதும்போது “எனக்கு வருத்தமா இருக்கு” என்பதோடு நிறுத்தாமல், வேலையில் என்ன ஆனது என்பதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

மூன்று பேர், மூன்று வேலை

ஒருவர் பேசுகிறவர், ஒருவர் கேட்கிறவர், ஒருவர் குறிப்பெடுப்பவர். விஷயத்தைக் கொண்டுவந்தவரே முதலில் அந்தக் கடினமான ஆளாக இரண்டு நிமிடம் நடித்துக் காட்ட வேண்டும்: எப்படி உட்காருவார், எந்தச் சொல்லை அடிக்கடி சொல்வார், எங்கே குரலை உயர்த்துவார். நடிக்கப்போகிறவருக்கு இது உதவுகிறது. அதைவிட முக்கியமாக, அந்த நாற்காலியில் இரண்டு நிமிடம் உட்கார்ந்தவர், எதிரே இருப்பவர் பேச்சு எப்படிக் கேட்கும் என்று முதல் தடவையாக உணர்கிறார்.

குறிப்பெடுப்பவர் கருத்து சொல்லக் கூடாது. பேசிய சொற்களை அப்படியே எழுத வேண்டும், எழுதியதை வாசித்துக் காட்ட வேண்டும், அவ்வளவே. “நல்லா பேசினீங்க”, “இன்னும் கொஞ்சம் தைரியமா பேசலாம்” போன்றவை யாருக்கும் உதவாது. தான் சொன்ன சொல்லைத் தானே கேட்டால் திருத்தம் தானாக வரும்.

வாசித்து முடித்த உடனே, அதே வாக்கியத்தை மறுபடி சொல்லவைக்க வேண்டும். பெரும்பாலான வகுப்புகளில் ஒருமுறை நடித்ததும் கைதட்டி அடுத்த குழுவுக்குப் போய்விடுகிறார்கள். கற்றல் இரண்டாவது, மூன்றாவது தடவையில்தான் நடக்கிறது. அதற்கு நேரம் போதாவிட்டால் ஸ்லைடுகளை வெட்டுங்கள்.

இந்த முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. கேரி லேதம், லிஸ் சாரி என்ற உளவியலாளர்கள் இருவரும் 1979-இல் வெளியிட்ட ஆய்வில் 40 சூப்பர்வைசர்களில் பாதிப்பேருக்கு, மாதிரியைப் பார்த்து, நடித்துப் பழகும் முறையில் பயிற்சி கொடுத்தார்கள். குறை சொல்லும் ஊழியரிடம் பேசுவது, தவறான வேலைப் பழக்கத்தைத் திருத்துவது போன்றவை அதில் இருந்தன. ஓராண்டு கழித்தும் பயிற்சி பெற்றவர்களின் வேலை மேலாக இருந்தது. 2005-இல் பால் டெய்லர் குழுவினர் இப்படிப்பட்ட 117 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். சரியான மாதிரியோடு தவறான மாதிரியையும் காட்டும்போதும், பங்கேற்பவர்களே கொண்டுவந்த சூழ்நிலைகளில் பழகும்போதும், அவர்களின் மேலதிகாரிகளும் பயிற்சி பெற்றிருக்கும்போதும் கற்றது வேலையிடத்துக்கு அதிகமாகப் போய்ச் சேர்ந்தது. அந்த இளைஞரின் முதல் இரண்டு முயற்சிகளையும் எல்லாரும் பார்க்கும்படி விட்டதற்குக் காரணம் இதுதான்.

சொன்ன பிறகு

முதல் வாக்கியம் சரியாக வந்தாலும் எதிரே இருப்பவர் “சரிங்க” என்று ஒத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. நான்கு விதமான எதிர்வினைகளை நடிப்பவர்களுக்குச் சீட்டில் எழுதிக் கொடுத்து, பேசுகிறவருக்குத் தெரியாமல் வைத்திருப்பேன்.

மௌனம் முதலாவது. கேள்வி கேட்டுவிட்டு மேலாளர்கள் தாங்களே பதிலும் சொல்லிவிடுகிறார்கள். மனசுக்குள் பத்து வரை எண்ணச் சொல்லுங்கள். வகுப்பில் அந்தப் பத்து எண்ணிக்கை மிக நீளமாகத் தெரியும், பழகினால் சரியாகிவிடும்.

அழுகை வந்தால் பேச்சை ரத்து செய்து அனுப்பிவிடவும் கூடாது, கண்ணீரைப் பார்க்காததுபோல் தொடரவும் கூடாது. “கொஞ்சம் நேரம் எடுத்துக்கோங்க. இப்பவே பேசலாமா, மதியத்துக்கு மேல பேசலாமா?” என்று கேட்கலாம். பேசுவது உறுதி, நேரம் மட்டும் அவர் கையில்.

கோபம் வந்தால் “கோபப்படாதீங்க” என்று சொல்வதைத் தவிர வேறு எது சொன்னாலும் பரவாயில்லை என்பேன். அந்த ஒரு சொல் எரிகிறதை இன்னும் தூண்டிவிடும். குரலைத் தாழ்த்தி, அவர் சொன்னதில் உள்ள விஷயத்தைத் திருப்பிச் சொல்வது உதவும்: “டார்கெட்டை ஏத்துனப்போ உங்களைக் கேக்கவே இல்லைன்னு சொல்றீங்க.” ஆமோதிப்பதும் இல்லை, மறுப்பதும் இல்லை, காதில் விழுந்தது என்று காட்டுவது. மிரட்டலாகப் போனால் எழுந்துவிட வேண்டும். அதையும் நடித்துப் பழக வேண்டும்.

நான்காவது எதிர்ப்புகார்: “என்னை மட்டும் கேக்குறீங்க, அவரைக் கேட்டீங்களா?” இதில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். “அது வேற விஷயம். அதையும் எழுதி வச்சுக்கிறேன், தனியா பேசுவோம். இப்போ நேத்து நடந்ததுக்கு வருவோம்.” உண்மையாகவே அவர் கண்ணெதிரே எழுதிக்கொள்ள வேண்டும். பிறகு அதைப் பேசவும் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த முறை இந்த வாக்கியத்துக்கு மதிப்பே இருக்காது.

இரண்டு பேருக்குள் மோதல் என்றால்

மோதலைக் கையாளும் ஐந்து வழிகள் என்று கென்னத் தாமஸும் ரால்ஃப் கில்மனும் 1974-இல் ஒரு கேள்வித்தாள் வெளியிட்டார்கள்: போட்டியிடுவது, விட்டுக்கொடுப்பது, ஒதுங்குவது, பாதிக்குப் பாதி சமரசம், சேர்ந்து வழி தேடுவது. தன் பழக்கம் எது என்று தெரிந்துகொள்ளப் பயன்படும். அரைநாளை அதற்கே செலவழிக்கும் வகுப்புகளைப் பார்க்கிறேன். அரை மணி நேரம் போதும்.

அதைவிட மேரி பார்க்கர் ஃபாலெட் என்ற அமெரிக்க நிர்வாகச் சிந்தனையாளர் சொன்ன ஒரு சம்பவம் எப்போதும் வேலை செய்கிறது. 1925-இல் ஆற்றிய ஒரு உரையில் சொன்னார். நூலகத்தின் ஒரு சிறிய அறையில் ஒருவருக்கு ஜன்னல் திறந்திருக்க வேண்டும், ஃபாலெட்டுக்கு மூடியிருக்க வேண்டும். யாருமில்லாத அடுத்த அறையின் ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியிருந்தது காற்று. ஃபாலெட்டுக்கு, வடக்கிலிருந்து நேராகத் தன்மேல் காற்று அடிக்கக் கூடாது. பாதி திறந்து வைத்திருந்தால் இரண்டு பேருக்குமே திருப்தி இருந்திருக்காது.

இதைச் சொல்லிவிட்டு, உடனே அவர்களுடைய டீம் சண்டை ஒன்றை எடுக்கவையுங்கள். லீவு யாருக்கு, எந்த மெஷின் யாருக்கு, ரிப்போர்ட்டில் யார் பெயர் முதலில். இருவரும் கேட்பது என்ன என்பதை எழுதி, அதன் கீழே “இது கிடைத்தால் அவருக்கு என்ன தீரும்?” என்று எழுதவேண்டும். மேலாளர் ஊகித்து எழுதியதைப் பிறகு நேரில் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

சந்திப்பின் வரிசை: முதலில் இருவரையும் தனித்தனியாக, ஒரே நாளில், ஒரே கேள்விகளோடு. ஒருவரிடம் அரைமணி, இன்னொருவரிடம் ஐந்து நிமிடம் என்றால் பக்கச்சார்பு அங்கேயே தொடங்கிவிட்டது. பிறகு சேர்த்து உட்காரவைத்து ஒரே ஒரு விதி: எதிரே இருப்பவர் சொன்னதை, அவரே “ஆமா, அதைத்தான் சொன்னேன்” என்று சொல்லும்வரை திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் தன் பதிலைச் சொல்ல வேண்டும். மெதுவாகத்தான் போகும். எரிச்சலும் வரும். ஆனால் சண்டை போடுகிற இரண்டு பேர் பாதி நேரம் எதிராளி சொல்லாத ஒன்றோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்பது இங்கே வெளிப்படும்.

வேலையைப் பற்றிய கருத்து வேறுபாட்டை மேலாளர் அணைக்கத் தேவையில்லை. எந்த முறையில் செய்யலாம் என்று இருவர் வாதாடினால் வாதாடட்டும். “உங்ககிட்ட இதைத்தான் எதிர்பார்த்தேன்” என்று பேச்சு ஆளின் மேல் திரும்பும் அந்த நொடியில் நுழைய வேண்டும். 1995-இல் கேரன் ஜென் என்ற ஆய்வாளர் வேலை பற்றிய மோதலையும் ஆள் பற்றிய மோதலையும் பிரித்து ஆராய்ந்தார். நடைமுறையில் முதலாவது இரண்டாவதாக மாற ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தை அடையாளம் காணத்தான் காதைப் பழக்க வேண்டும். வகுப்பில் ஒரு விவாதத்தை நடத்தி, அது திரும்பும் இடத்தில் கை தூக்கச் சொன்னால் நன்றாகப் பிடிபடும்.

வகுப்புக்குப் பிறகு

பேச்சு முடியும்போது யார், எதை, எந்தத் தேதிக்குள் என்ற மூன்றும் இருவர் வாயாலும் சொல்லப்பட வேண்டும். அன்றே இரண்டு வரி மெயில். மிரட்டல் தொனி வராமல் இருக்க, மேலாளர் தான் செய்வதாக ஒத்துக்கொண்டதையும் அதில் எழுத வேண்டும்.

வகுப்பு முடிந்து கிளம்பும் முன் ஒவ்வொருவரும், தான் கொண்டுவந்த அந்தப் பேச்சை எந்த நாளில் பேசப்போகிறார் என்று நாள்காட்டியில் குறிக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள். மூன்றாவது வாரம் எல்லாரும் ஒரு மணி நேரம் மறுபடி கூடுவோம். “பேச்சு எப்படிப் போச்சு?” என்று நான் கேட்பதில்லை, “நல்லா போச்சு” என்று பதில் வந்துவிடும். “முதல்ல என்ன சொன்னீங்க, சொன்ன மாதிரியே இங்க சொல்லுங்க” என்று கேட்பேன். பேசாதவர்களுக்கு அந்த ஒரு மணி நேரத்திலேயே மூன்று பேர் குழு, மறுபடி நடிப்பு, புதுத் தேதி.

அவர்களுடைய மேலதிகாரிகளுக்கும் அரைநாள் வகுப்பு எடுக்க அனுமதி வாங்கிவிடுங்கள், முடிந்தால் இவர்களுக்கு முன்பே. அனுமதி கிடைக்காவிட்டால், குறைந்தபட்சம் அவர்களிடம் ஒரு வேண்டுகோள் வையுங்கள்: அடுத்த மாதம், வழக்கமாக டார்கெட் கேட்கும் மீட்டிங்கில், “இந்த வாரம் யார்கிட்ட என்ன பேச வேண்டியிருந்தது, பேசியாச்சா?” என்று ஒரு கேள்வியும் கேட்க வேண்டும்.